டீச்சர்கிட்ட கேளுங்க: மோட்டோல ஒட்டுன தெம்பிக்காய்

இந்த வாரம் முறுக்கு பக்குவம், மருமக மூஞ்சி குடுத்து பேசமாட்டேங்கறா, மகன் ஈபிஎஃப் பணத்த கேக்கறான், இதெல்லாம் எடுக்கல, கோவிச்சிக்காதீங்க. போன மாசம் எங்க ஊர் தங்கச்சி ஒன்னு மோட்டோல ஒட்டுன பாலஸ்தீன தெம்பிக்காய், அதான் தர்பூசணி, ஸ்டிக்கர் பத்தி எழுதியிருந்துச்சி, நான்தான் நாள் கடத்திக்கிட்டே இருந்தேன், ஏன்னா இந்த விஷயத்துல என்ன எழுதுனாலும் யாராச்சும் ஒருத்தர் ஃபோன் போட்டு ஏசுவாங்க. அதுக்குள்ள காசாவுக்கு உதவிப் பொருள் கொண்டுபோன சுமுட் கப்பல்கள்ல இருந்த நம்ம மலேசியர்கள் 23 பேர இஸ்ரேல் புடிச்சி வெச்சி திருப்பி அனுப்புச்சி, அப்புறம் 2025 அக்டோபர் 10ல போர்நிறுத்தம்னு வந்துச்சி, பத்திரிகை ஆசிரியர் ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு கடிதத்த கொண்டாந்து மேசைல வெச்சி 'டீச்சர் இனிமே தள்ளிப்போட முடியாது'ன்னுட்டாரு. தீபாவளிக்கு இன்னும் நாலு நாள்தான். மாவு அரைக்க குடுத்துட்டு வந்து உக்காந்து எழுதறேன்.

டீச்சர், நான் கையுறை ஃபேக்டரில வேல செய்றேன். கூட வேல செய்ற மலாய்க்கார பிள்ள ஒரு தெம்பிக்காய் ஸ்டிக்கர் குடுத்துச்சி, மோட்டோ முன்னால ஒட்டிட்டேன். எங்க அண்ணன் பாத்துட்டு 'அது அவங்க பிரச்சன, நீ என்ன அவங்க பக்கம் போகப் போறியா'ன்னு சத்தம் போட்டு, அம்மா அழுது, ரெண்டு நாளா வீட்ல சாப்பாடே சரியில்ல. ஸ்டிக்கர எடுத்துடவா? (ஒரு வாசகி, சுங்கை சிப்புட்)

எடுக்காத தங்கச்சி. ஆனா அண்ணன்கிட்ட மல்லுக்கட்டவும் செய்யாத. நம்ம வீடுகள்ல மதம் மாறுறத பத்தி ஒரு பயம் இருக்கு, அது காத்துல வந்த பயம் இல்ல, கோர்ட்டு படி ஏறி எறங்குன குடும்பங்க இருக்கு, உங்கம்மா அழுதது ஸ்டிக்கருக்கு இல்ல, அந்த பயத்துக்கு. மொதல்ல அம்மா பக்கத்துல உக்காந்து 'நான் எங்கயும் போகலம்மா'ன்னு ஒரு வார்த்த சொல்லிடு, மத்ததெல்லாம் அப்புறம்.

தெம்பிக்காய் எந்த மதத்து சின்னமும் இல்ல. வெட்டிப்பாரு, செகப்பு, பச்ச, வெள்ள, கொட்ட கறுப்பு, பாலஸ்தீன கொடியோட நாலு கலரும் அதுக்குள்ளயே இருக்கு. 1967 போருக்கப்புறம் இஸ்ரேல் புடிச்ச எடத்துல அந்த கொடிய வெளிய காட்ட விடல, அதனால பழம் கொடியாயிடுச்சி, அவ்வளவுதான் கத. பெத்லஹேம் எங்க இருக்குன்னு அண்ணன்கிட்ட கேளு, மேற்குக்கரைலதான் இருக்கு, ஏசு பொறந்த ஊர்லயும் பாலஸ்தீனர்கள்தான் இருக்காங்க, அதுல கிறிஸ்தவங்களும் உண்டு. காசா சிட்டில செயின்ட் போர்ஃபிரியஸ்னு ரொம்ப பழைய கோயில், 2023 அக்டோபர்ல அந்த வளாகத்துல குண்டு விழுந்து உள்ள அடைக்கலம் புகுந்தவங்க செத்தாங்க. அங்கேயே இன்னொரு கத்தோலிக்க கோயில், போப் ஃபிரான்சிஸ் சாகற வரைக்கும் கிட்டத்தட்ட தெனம் சாயங்காலம் அந்த கோயிலுக்கு ஃபோன் போட்டு 'இன்னிக்கி என்ன சாப்பிட்டீங்க'ன்னு விசாரிச்சாரு. வத்திக்கான்லேர்ந்து ஒரு கெழவரு ஃபோன் போட்டு சாப்ட்டீங்களான்னு கேக்கறாரு, அது எந்த மதத்து கேள்வி?

அண்ணன் இந்தியாலேர்ந்து வர்ற வாட்சப் ஃபார்வர்டு பாக்கற ஆளா இருந்தா இதயும் சொல்லு. காந்தி 1938லேயே பாலஸ்தீனம் அரபுக்காரங்களுதுன்னு எழுதுனவரு, இந்தியா 1988ல பாலஸ்தீனத்த நாடாவே ஏத்துக்கிச்சி. சொல்லிட்டு விட்டுடு. ரொம்ப பேசுனா அண்ணங்க கேக்க மாட்டாங்க.

டீச்சர், நானும் டிவில பாக்கறேன், தலையும் புரியல காலும் புரியல. யாரு நெலம் அது? ரெண்டு பக்கமும் எங்க சாமி குடுத்ததுங்கறாங்க. சின்ன பிள்ளைக்கு சொல்றமாதிரி சொல்லுங்க. (ரிட்டயர்ட் லாரி டிரைவர், கோலாகங்சார்)

ஐயா, சாமி கணக்க சாமிகிட்டயே விட்டுடுவோம், நமக்கு நல்லா தெரிஞ்ச ஆள பத்தி பேசுவோம், வெள்ளக்காரன். துருக்கிக்காரங்க கைல இருந்த எடம், மொத உலகப்போர்ல பிரிட்டிஷ்காரன் புடிச்சான், 1917ல யூதர்களுக்கு அங்க ஒரு தாயகம் அமைய ஒத்தாச செய்றேன்னு வாக்கு குடுத்தான், ஏற்கனவே அங்க குடியிருந்த அரபுக்காரங்கள யாரும் கூப்பிட்டு கேக்கல. ஐரோப்பால யூதர்கள் பட்ட பாடு சொல்லி மாளாது, ஹிட்லர் 60 லட்சம் பேர கொன்னான், தப்பிச்சவங்களுக்கு ஒரு எடம் வேணும், அதுவும் உண்மதான். 1947 நவம்பர் 29ல ஐநா நெலத்த ரெண்டா பிரிக்கலாம்னு ஓட்டு போட்டுச்சி, 1948 மே மாசம் இஸ்ரேல் பொறந்துச்சி, போர் வந்துச்சி, 7 லட்சத்துக்கு மேல பாலஸ்தீனர்கள் வீட்ட விட்டு ஓடுனாங்க, வெரட்டப்பட்டாங்க. அத அவங்க நக்பாங்கறாங்க, பேரழிவுன்னு அர்த்தம். ஒரு வாரத்துல திரும்பிடலாம்னு பூட்டிட்டு சாவிய எடுத்துக்கிட்டு போனவங்க நெறைய பேர், அந்த சாவிய பேரப்பிள்ளைங்க இன்னும் வெச்சிருக்காங்க.

அதே 1948, அடுத்த மாசம், ஜூன் 16. எங்க சுங்கை சிப்புட் பக்கத்து தோட்டங்கள்ல மூணு வெள்ளக்கார துரைங்கள கம்யூனிஸ்ட்காரங்க சுட்டாங்க, அவங்கள அடக்கன்னு எமர்ஜென்சி ஆரம்பிச்சிடுச்சி. அப்ப மலாயா போலீஸுக்கு யார கொண்டாந்தாங்க தெரியுமா, பாலஸ்தீனத்துல ஆட்சி முடிஞ்சி வேல இல்லாம இருந்த பிரிட்டிஷ் போலீஸ்காரங்கள, நூத்துக்கணக்குல. கமிஷனரா வந்த நிக்கோல் கிரே கூட அங்க போலீஸ் தலைவரா இருந்த ஆள்தான். எங்கம்மா அப்ப கல்யாணம் ஆகாத பொண்ணு, ரப்பர் மரத்துல பால் வெட்டறவங்க. விடியக்காலைல தோட்டத்து கேட்டுல நிக்க வெச்சி சோத்துப் போசிய தொறந்து பாப்பாங்களாம், காட்டுல இருக்கற கம்யூனிஸ்ட்காரனுக்கு சோறு போகக்கூடாதுன்னு, வெளிய ஒரு பிடி அரிசி கொண்டுபோகக்கூடாது. பசியாறாம மத்தியானம் வரைக்கும் மரம் வெட்டிட்டு வந்துதான் சாப்பாடு. அம்மாவுக்கு கோவமெல்லாம் பசி மேல இல்ல. 'குச்சி விட்டு கிண்டுவான், எச்சிப் பண்ணுவான்' அப்படிம்பாங்க, சாகற வரைக்கும் அதையே சொன்னாங்க. நான் இப்ப டிவில செக்பாயிண்ட்டுல வரிசையா நிக்கற பொம்பளைங்கள பாக்கறப்ப எனக்கு அது வெளிநாட்டு சேதியா தெரியல.

மிச்சம் சீக்கிரமா சொல்லிடறேன். 1967ல மேற்குக்கரை, காசா, கிழக்கு ஜெருசலம் எல்லாம் இஸ்ரேல் கைக்கு போச்சி. 2007லேர்ந்து காசாவ சுத்தி முற்றுகை. காசா மொத்தமே 365 சதுர கிலோமீட்டர், பினாங்கு தீவ விட கொஞ்சம் பெருசு, அதுல 22 லட்சம் பேர், நம்ம பினாங்கு மாநிலம் தீவு பட்டர்வொர்த் பக்கம் எல்லாம் சேத்தே 18 லட்சம்தான். 2023 அக்டோபர் 7ல ஹமாஸ் எல்ல தாண்டி வந்து 1,200 பேர கொன்னு 250 பேர் மாதிரி புடிச்சிக்கிட்டு போனாங்க. அதுக்கப்புறம் ரெண்டு வருசத்துல காசால செத்தவங்க 67,000க்கு மேலன்னு அங்க உள்ள சுகாதார அமைச்சு சொல்லுது. 2025 ஆகஸ்ட்ல காசா சிட்டி பக்கம் பஞ்சம்னு ஐநா ஆதரவுல இருக்கற நிபுணருங்களே அறிவிச்சாங்க, கடல் பக்கத்துல இருக்கற ஊர்ல, எல்லைல லாரி நெறைய சாமான் நிக்கறப்ப. நீங்க லாரி ஓட்டுனவரு, சரக்கோட லாரி நிக்கறதுன்னா என்னன்னு நான் உங்களுக்கு சொல்லணுமா.

டீச்சர், கோவமா எழுதறேன். 2009ல முள்ளிவாய்க்கால்ல நம்ம சனம் கொத்துக் கொத்தா செத்தப்ப இந்த ஊர்ல யாரு கொடி புடிச்சாங்க? யாரு பாய்காட் பண்ணாங்க? ஸ்கூல்ல பாலஸ்தீனத்துக்கு வெச்ச மாதிரி நம்ம பிள்ளைங்களுக்கு ஒருமைப்பாட்டு வாரம் வெச்சாங்களா? நமக்கு வராதவங்களுக்கு நாம எதுக்கு போகணும்? (பேர் வேணாம், பாகான் செராய்)

தம்பி, உங்க கோவத்துல பொய் இல்ல. நீங்க எழுதாத ஒன்னயும் நான் சேத்துக்கறேன். 2009 மே கடைசில ஐநா மனித உரிமை மன்றத்துல இலங்கைக்கு சாதகமான தீர்மானம் வந்தப்ப 29 நாடு ஆதரிச்சி ஓட்டு போட்டுச்சி, அதுல மலேசியாவும் உண்டு, இந்தியாவும் உண்டு. ரெண்டு வருசம் கழிச்சி ஐநா குழுவே 40,000 பேர் வரைக்கும் செத்திருக்கலாம்னு எழுதுச்சி. இன்னும் கேளுங்க, 2014ல ராஜபக்சே பாலஸ்தீனத்துக்கு போனப்ப அங்க அவருக்கு விருது குடுத்து ஒரு தெருவுக்கு அவரு பேர வெச்சாங்க. எனக்கும் வயிறு எரிஞ்சிச்சி, இல்லன்னு சொல்ல மாட்டேன்.

இப்ப இன்னொரு பக்கம். ஈழத்து சனம் ஒருத்தர்கிட்ட 'கிபிர்'னு சொல்லிப் பாருங்க. எங்க தாமான்ல வன்னிலேர்ந்து வந்த ஒரு அம்மா கொஞ்ச நாள் வாடகைக்கு இருந்தாங்க, ஈப்போ பக்கம் எங்கயோ ஏர்ஃபோர்ஸ் விமானம் தாழ பறந்து போச்சி, தேசிய தினத்துக்கு பயிற்சின்னு நெனைக்கிறேன், அந்தம்மா கைல துணி அலசிக்கிட்டு இருந்தவங்க வாளிய அப்படியே போட்டுட்டு வாசல் படிக்கு கீழ சாக்கடைல எறங்கி உக்காந்துட்டாங்க. சோப்பு நொரையோட. நாங்க கூப்பிட்டும் வரல. கொஞ்ச நேரம் கழிச்சி அவங்களே வெளிய வந்து பாவாடைய பிழிஞ்சிக்கிட்டு 'கிபிர் எண்டு நெனச்சிட்டன்'னாங்க, சிரிச்சாங்க வேற. அந்த கிபிர் எந்த ஊர் விமானம்? இஸ்ரேல்ல செஞ்சது, இலங்கைக்காரன் 90கள்ல வாங்குனது. எபிரேயு மொழில சிங்கக்குட்டின்னு அர்த்தமாம். 

அப்ப பாருங்க, இஸ்ரேல் விமானம் வித்துச்சி, பாலஸ்தீன தலைவருங்க தெரு பேர் வெச்சாங்க, இந்தியா ஓட்டு போட்டுச்சி, நம்ம நாடும் போட்டுச்சி. அரசாங்கமெல்லாம் ஒருத்தருக்கொருத்தர் நல்லாத்தான் கை குலுக்கிக்கிட்டாங்க. சாக்கடைல போய் உக்காந்தது யாரு? அங்க 'தாக்குதல் இல்லாத வலயம்'னு சொல்லி சனத்த ஒரு மணல் திட்டுல தள்ளி அங்கயே அடிச்சாங்க, இங்க அல் மவாசின்னு கடற்கரைல ஒரு எடத்த 'பாதுகாப்பான பகுதி'ன்னு சொல்லி தள்ளி அங்கயும் அடிச்சாங்க. இத மத்தவங்க செய்தியா படிப்பாங்க தம்பி, நமக்கு படிக்கவே வேணாம், நமக்கு பாத்தாலே புரியும். அதனாலதான் நான் போகணும்ங்கறேன். மொய் எழுதற நோட்டு மாதிரி, அவன் நம்ம வீட்டு விசேஷத்துக்கு எவ்வளவு வெச்சான்னு பெரட்டிப் பாத்துட்டு போறதுக்கு இது கல்யாணம் இல்ல.

யாரும் வரலன்னும் சொல்லிட முடியாது. 2009ல எங்க கோயில் மண்டபத்துல பால்மாவு டின்னு சேத்தோம். எதிர்ல நாசி லெமாக் விக்கற மலாய்க்கார மாக்சிக் வந்து எட்டிப் பாத்துட்டு 'டி மானா?', எங்கன்னு கேட்டாங்க. ஸ்ரீலங்கான்னு சொன்னோம். எங்க இருக்குன்னு கூட அந்தம்மாவுக்கு தெரியல. அன்னிக்கி வித்த பொட்டலத்து காசு, கசங்குன ஒரு வெள்ளி நோட்டா இருபது, எண்ணி டின்னுக்குள்ள போட்டுட்டு மழ வருதுன்னு கூடைய தூக்கிக்கிட்டு போயிட்டாங்க. அவங்க பேரு கூட நான் கேக்கல. அதுக்கு நான் இன்னும் வெக்கப்படறேன்.

டீச்சர், என் மகன் ஒரு ஃபாஸ்ட் ஃபுட் கடைல பார்ட் டைம் செய்றான், காலேஜ் ஃபீஸுக்கு. பாய்காட்னால அவனோட வேல நேரத்த கொறச்சிட்டாங்க, போதாததுக்கு யாரோ கவுண்டர்ல நின்னு 'உனக்கு வெக்கமா இல்லையா'ன்னு ஃபோன்ல வீடியோ எடுத்திருக்காங்க. வேலைய விடச் சொல்லவா? (ஒரு தாய், ஈப்போ)

விடச் சொல்லாதீங்கம்மா. பாய்காட் நல்ல ஆயுதம், ரத்தம் சிந்தாத ஆயுதம், யாரு எத வாங்கணும் வாங்கக்கூடாதுன்னு அவங்கவங்க முடிவு பண்ணலாம், நானே சிலத நிறுத்தியிருக்கேன். ஆனா பாலஸ்தீன அமைப்புங்க 2005ல ஆரம்பிச்ச பிடிஎஸ்ங்கற பாய்காட் இயக்கமே கண்ட கம்பெனியெல்லாம் லிஸ்ட் போடாதீங்க, ஆதாரத்தோட சிலத மட்டும் குறி வைங்கன்னுதான் சொல்லுது. இங்க வாட்சப்ல வர்ற லிஸ்ட்டு சோப்பு சீப்புலேர்ந்து ஆரம்பிச்சி முடியவே மாட்டேங்குது. 2024 ஏப்ரல்ல நம்ம நாட்டுல கேஎஃப்சி கடைங்க நூத்துக்கு மேல தற்காலிகமா மூடுனப்ப கம்பெனி பொருளாதார நெருக்கடின்னுச்சி, ஊர் பாய்காட்னுச்சி, எதுவா இருந்தாலும் அங்க வேல செஞ்சது நம்ம ஊர் பிள்ளைங்கதான்.

எங்கப்பா காலத்துல தோட்டத்துல ஸ்ட்ரைக் நடந்தப்ப ஆபீஸுக்கு முன்னாலதான் நின்னாங்க, துரை பங்களால பாத்திரம் கழுவுன ஆயாவ யாரும் ஏசல. வீடியோ எடுத்த ஆளுக்கு அந்த வித்தியாசம் தெரியல. மகன்கிட்ட சொல்லுங்க, பதில் பேச வேணாம், அடுத்த ஆர்டர் எடுக்கட்டும்.

டீச்சர், பாசார் மாலாம் ராச்சந்தைல ஒரு பையன் டின்ன குலுக்கறான், இன்னொரு எடத்துல கியூஆர் கோட் ஒட்டியிருக்கு, ஃபேஸ்புக்ல காசாலேர்ந்து ஒரு அம்மா நேரா எனக்கே மெசேஜ் அனுப்பறாங்க பால் வாங்க காசு வேணும்னு. யாருக்கு குடுக்கறது? நான் மாசம் பத்து வெள்ளிதான் குடுக்க முடியும், அது ஒரு காசா? (பாட்டாளி, சுங்கை சிப்புட்)

மொதல்ல ஏமாறாம இருக்கறத பாப்போம். ரோட்ல டின்னு குலுக்கறதுக்கு 1947லேர்ந்தே சட்டம் இருக்கு, போலீஸ் பெர்மிட் வேணும், 'பெர்மிட் காட்டு தம்பி'ன்னு கேக்கறதுல தப்பே இல்ல, உண்மையான பையன் கழுத்துல மாட்டியிருப்பான். பேங்க் நம்பர் குடுத்தா போலீஸோட செமாக் மியூல் வெப்சைட்ல அந்த நம்பர தட்டிப் பாருங்க, மோசடி புகார் இருந்தா காட்டும். தனி ஆளோட அக்கவுண்டுக்கு அனுப்பாதீங்க. ஏமாந்துட்டா உடனே மோசடி புகாருக்குன்னே இருக்கற 997க்கு அடிங்க, நாளைக்கு பாத்துக்கலாம்னு இருக்காதீங்க. ஃபேஸ்புக் அம்மா உண்மையாவும் இருக்கலாம், கம்போடியால ஏசி ரூம்ல உக்காந்திருக்கற ஆளாவும் இருக்கலாம், நமக்கு கண்டுபுடிக்க வழி இல்ல, அதுதான் கொடும. மெர்சி மலேசியா இருக்கு, செம்பிறைச் சங்கம் பூலான் சாபிட் மேரா இருக்கு, யுனிசெஃப் இருக்கு, 1949லேர்ந்து பாலஸ்தீன அகதிகளுக்குன்னே இருக்கற ஐநா அமைப்பு அன்ரா இருக்கு. அவங்க சொந்த வெப்சைட்டுக்கே போங்க, யாரோ அனுப்புன லிங்க அமுக்காதீங்க.

அடுத்தது பத்து வெள்ளி. ஐயா, நீங்க எந்த ஊர்ல இருந்துக்கிட்டு இந்த கேள்விய கேக்கறீங்க! 50கள் கடைசில துரைங்க தோட்டத்த துண்டு போட்டு வித்துட்டு கெளம்புனப்ப லயத்துல இருந்த நம்ம சனம் ரோட்டுக்கு வந்துச்சி. எங்க ஊர்க்காரரு, அப்ப மந்திரியா இருந்த சம்பந்தன் 1960ல தேசிய நிலநிதி கூட்டுறவு சங்கம் ஆரம்பிச்சி தோட்டம் தோட்டமா போயி கேட்டது எவ்வளவு? நூறு வெள்ளி பங்கு, மாசம் பத்து பத்தா கட்டுங்கன்னாரு. எங்கப்பா கட்டுனாரு. அந்த பத்து வெள்ளிக்காக அம்மா சம்பள வாரத்துல கூட மீனு வாங்காம கருவாட்டுலயே ஓட்டுனாங்க, அதுக்கு நாங்க அப்பாவ எவ்வளவு திட்டுனோம்னு எனக்குத்தான் தெரியும். அந்த பத்து பத்துலதான் கெடாவுல புக்கிட் சிடிம் தோட்டத்த வாங்குனாங்க, அப்புறம் இன்னும் நெறைய. நீங்க மாசம் பொறந்தா குடுத்துட்டு போய்க்கிட்டே இருங்க.

டீச்சர், என் தம்பி ஃபேஸ்புக்ல ஹிட்லர் படம் போட்டு 'அன்னிக்கே முடிச்சிருக்கணும்'னு எழுதியிருக்கான், அதுக்கு 140 லைக். தப்பில்லையா? (வாசகி, தைப்பிங்)

அசிங்கம். இன்னிக்கே எடுக்கச் சொல்லுங்க, அக்கா சொன்னா கேக்கலன்னா அம்மாவ விட்டு சொல்லுங்க.

விவியன் சில்வர்னு ஒரு யூத அம்மா, 74 வயசு, காசா எல்லைக்கு பக்கத்து கிராமத்துல இருந்தவங்க. காசாலேர்ந்து வைத்தியத்துக்கு வர்ற நோயாளிங்கள இஸ்ரேல் ஆஸ்பத்திரிக்கு காடில கூட்டிக்கிட்டு போற வேலைய சும்மாவே செஞ்சவங்க, சமாதானத்துக்காக பொம்பளைங்க இயக்கம் ஆரம்பிச்சதுல ஒருத்தங்க. அக்டோபர் 7ல அவங்கள வீட்லயே கொன்னுட்டாங்க. அன்னிக்கே அங்க பண்ணைல கூலி வேல செஞ்ச தாய்லாந்துக்காரங்க 30 பேருக்கு மேல செத்தாங்க, அடுத்த மார்ச்ல வடக்கு எல்லைல பழத்தோட்டத்துல வேல செஞ்ச ஒரு கேரளத்து பையன் லெபனான்லேர்ந்து வந்த ஏவுகணைல செத்தான். தோட்டத்துல கூலிக்கு போனவங்க. தம்பி போட்ட படத்துக்கு லைக் போட்ட 140 பேர்ல எத்தன பேரோட தாத்தா இப்படி கடல் தாண்டி கூலிக்கு வந்தவருன்னு எண்ணிப் பாக்கச் சொல்லுங்க.

பினாங்குல ஜாலான் சைனால் அபிடின்னு ஒரு ரோடு, அந்த காலத்துல ஜாலான் யஹூடி, யூதங்களோட இடுகாடு இன்னும் அங்க இருக்கு. நம்ம நாட்டுல யூதங்க வாழ்ந்து செத்திருக்காங்க, யாருக்கும் ஒரு கெடுதலும் பண்ணல. இஸ்ரேல் அரசாங்கத்த எவ்வளவு வேணாலும் திட்டட்டும், நான் கூட சேந்து திட்டறேன்.

டீச்சர், எனக்கு 16 வயசு. ராத்திரி ரீல்ஸ்ல காசா பிள்ளைங்கள பாத்துட்டு தூக்கம் வர மாட்டேங்குது. தீபாவளிக்கு புது துணி எடுத்துட்டோம், பாக்கவே ஒரு மாதிரி இருக்கு. அப்பா பட்டாசு வாங்கி வெச்சிருக்காரு. நாம மட்டும் சந்தோசமா இருக்கறது தப்புதானே? (மாணவி, சுங்கை சிப்புட்)

இல்லம்மா. நீ புது துணி போடாம இருந்தா அங்க ஒரு பிள்ளைக்கு போர்வ கெடைக்கும்னா நானே உன் துணிய வாங்கி வெச்சிடுவேன், அப்படி ஒன்னும் நடக்காது. ஆனா உனக்கு ஒரு மாதிரி இருக்கு பாரு, அத நான் குத்தம் சொல்ல மாட்டேன், அது இருக்கட்டும், அது ஒன்னும் நோய் இல்ல. நோய் எதுன்னா ராத்திரி ஒரு மணிக்கு பெரட்டிக்கிட்டே இருக்கியே அது. ஒன்பது மணிக்கு மேல ஃபோன அம்மாகிட்ட குடுத்துடு. ரீல்ஸ்ல பாக்கறது பாதி அழறதுக்குன்னே வெட்டி ஒட்டுனது, சிலது பழைய படம், சிலது வேற நாட்டுப் படம், சிலது கம்ப்யூட்டர் செஞ்ச படம். அழறத கொறச்சிட்டு படிக்கறத கூட்டு.

ஒன்னு மட்டும் நீ தெரிஞ்சிக்கறதுக்கு சொல்றேன், ஏன்னா உனக்கு 16 ஆச்சி, தாங்குவ. காசா ஆஸ்பத்திரில டாக்டருங்க ஒரு சுருக்கெழுத்து வெச்சிருக்காங்க, டபிள்யூசிஎன்எஸ்எஃப், காயம்பட்ட பிள்ள, குடும்பத்துல உயிரோட யாரும் இல்லன்னு அர்த்தம். அஞ்சு எழுத்து. டாக்டருங்க ஒன்னுத்துக்கு சுருக்கெழுத்து வெப்பாங்கன்னா அத தெனம் எழுத வேண்டியிருக்குன்னு அர்த்தம். கொண்டாந்து போடறப்ப சில பிள்ளைங்களுக்கு பேர் சொல்லவே வயசு பத்தாது, பேர் தெரிஞ்சவங்களும் யாரும் மிஞ்சல. நீ பெரிய பிள்ளையானதும் நர்ஸோ டீச்சரோ எதுவோ ஆகு, இத மட்டும் மறக்காத.

2024 ஆகஸ்ட்ல காயம்பட்டவங்களையும் அவங்க குடும்பத்தையும் நம்ம நாடு விமானம் அனுப்பி கூட்டிக்கிட்டு வந்துச்சி, மொத்தம் 127 பேர், கோலாலம்பூர்ல ராணுவ ஆஸ்பத்திரில வைத்தியம் பாத்தாங்க. அப்ப தோனுச்சி எனக்கு, அவங்க இங்க இருக்கறப்ப தீபாவளி வந்தா என்ன பண்றதுன்னு. சத்தம் கேட்டா அவங்க எங்க போய் ஒளிவாங்க? வன்னி அம்மாவ சாக்கடைல பாத்த கண்ணு இது. அதனால நான் ஒன்னும் சட்டம் போடல, எங்க வீட்ல மட்டும் அந்த வருசத்துலேர்ந்து பெரிய வெடி வாங்கறது இல்ல, மத்தாப்பு, புஸ்வாணம், சங்குசக்கரம். பேரன் மொதல்ல மூஞ்ச தூக்கிக்கிட்டான், இப்ப பக்கத்து வீட்டு நாய் எங்க வீட்டுக்கு ஓடி வந்து படுத்துக்குதுன்னு அவனுக்கு பெரும. அப்பாகிட்ட கேட்டுப் பாரு, கேக்கலன்னா சண்ட போடாத, காசு குடுத்து வாங்கிட்டாரு பாவம். புது துணிய போட்டுக்கிட்டு எங்க வீட்டுக்கு வா, அதிரசம் இருக்கு, கிழிஞ்ச துணியோட வந்தா குடுக்க மாட்டேன்.

டீச்சர், கோயில்ல அந்த சனத்துக்காக அர்ச்சன பண்ணலாமா? வேற மதமாச்சேன்னு மருமக சொல்றா. (ஒரு பாட்டி, சுங்கை சிப்புட்)

பண்ணலாம் பாட்டி, நான் பண்ணிட்டேன். போன வெள்ளிக்கிழம எங்க மாரியம்மன் கோயில் கவுண்டர்ல டிக்கெட் எடுக்கப் போனேன், எங்கிட்ட படிச்ச பையன்தான் உக்காந்திருந்தான், 'பேரு, நட்சத்திரம் சொல்லுங்க டீச்சர்'னான். எனக்கு வாய் வரல. எத்தன பேர சொல்றது, யாரோட நட்சத்திரம் எனக்கு தெரியும். பின்னால ஏழெட்டு பேர் வரிசைல நிக்கறாங்க, ஒரு அம்மா தேங்காத் தட்ட எடுத்து மாத்தி மாத்தி கைல வெச்சிக்கிட்டு பெருமூச்சு விடறாங்க. 'தெரியாதுப்பா, நெறைய பேரு'ன்னேன். அவன் ஒரு நிமிசம் என் மூஞ்சிய பாத்தான், 'அப்படின்னா சாமி பேருக்கே போட்டுடறேன் டீச்சர்'னுட்டு டிக்கெட்ட கிழிச்சி குடுத்தான். மூணு வெள்ளி.